துணிப்பையும் கடிதமும்

வேலையிடத்தில் எல்லாருக்கும் பயிற்சி என்று அறிவித்ததுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அப்போது நான் திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் ஒரு தனியார் களஞ்சியத்தில் கிளாக்காக இருந்தேன். அங்கே சரக்குத் தூக்க ஓடிய ஃபோர்க்லிஃப்டின் பிரேக் சரியாகப் பிடிப்பதில்லை. ஒருநாள் அது நிற்காமல் என்னை நோக்கியே வந்தது. மனேஜரிடம் இரண்டு தரம் சொன்னேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில், பெயர் போடாமல் தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன்.

அதன் பிறகு மனேஜர் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் என்னைப் பயப்படுத்தியது. கடிதம் போட்ட மூன்றாம் கிழமை கொழும்பிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார். என் வயதுப் பெண். எங்கள் பன்னிரண்டு பேரை வட்டமாக இருத்தி, நடுவில் ஒரு துணிப்பையை வைத்தார்.

"கண்ணை மூடிக்கொண்டு ஒண்டை எடுங்கோ. கையில பிடிக்கேக்க என்ன ஞாபகம் வருதோ, அதைச் சொன்னால் போதும்."

மனேஜர் வட்டத்துக்குள் வரவில்லை. பின்னால் யன்னலோரக் கதிரையில் இருந்தார். பயிற்சியாளரின் மடியில் ஒரு கொப்பி. ஒவ்வொருவர் கதைக்கும்போதும் அதில் ஏதோ குறித்தார். விசாரணையைத்தான் விளையாட்டாக்கியிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

காவலாளியின் கையில் சிப்பி வந்தது. சின்ன வயதில், வெருகல் கோயில் திருவிழாக் கூட்டத்தில் தம்பியைத் தவறவிட்டு அலைந்ததைச் சொல்லிக் கண் கலங்கினார். இப்படித்தான் வாயைத் திறக்க வைப்பார்கள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

எனக்கு வந்தது ஒரு கூழாங்கல். "அம்மாட குசினியில இருந்த அம்மிக்குழவி மாதிரி இருக்கு," என்றேன். எங்கள் வீட்டில் அம்மியே இருந்ததில்லை. உண்மையில் ஞாபகம் வந்தது, அந்த வாகனம் நெருங்கியபோது நான் முதுகை ஒட்டிக்கொண்டு நின்ற சுவரின் குளிர்.

அடுத்தது ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும், கிண்ணியா ஊர்க்காரரான நானா. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அவருக்கு ஒரு றப்பர் துண்டு.

"பிரேக் பெடல் மாதிரி இருக்கு," என்றார் கண்ணைத் திறக்காமலே. "மிதிப்பன், நிக்காது. முன்னுக்கு ஆள் நிக்கும். ஒவ்வொரு நாளும் பயத்தோடதான் ஏறுறன்."

மனேஜர் எழும்பி வெளியே போனார்.

தேநீர் நேரத்தில் பயிற்சியாளரிடம் போனேன். "மிஸ், அந்தக் கொப்பி ஆருக்குப் போகுது?"

அவர் அதைத் திறந்து காட்டினார். சிப்பி, கூழாங்கல், றப்பர் என்று எழுதி, பக்கத்தில் நிமிடங்கள். "எல்லாருக்கும் கதைக்க நேரம் கிடைச்சுதோ எண்டு பாக்கத்தான்."

"கம்பனிக்காரர் எங்கட பேர் கேட்டவையோ?"

கொப்பியை மூடினார். "ஆர் என்ன சொன்னது எண்டு அறிக்கை கேட்டவை. ஏலாது எண்டு சொல்லிட்டன்."

நான் நம்பவில்லை. இன்றைக்கும் முழுதாக நம்பவில்லை.

மறுநாள் காலை நானாவை மனேஜர் கூப்பிட்டார். அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தவர் என் மேசையடியில் நின்றார்.

"தலைமை அலுவலகம் அனுப்பின கடிதத்தக் காட்டினாரு. நான்தான் எழுதின எண்டு சொல்லிட்டன், தங்கச்சி."

"ஏன் நானா?"

"எப்படியும் நான்தான் எண்டு முடிவெடுத்திட்டாரு. இன்னொராளத் தேட வேணாமே."

அவருக்குத் தெரிந்திருந்ததா இல்லையா என்று முகத்தில் பிடிபடவில்லை. கையில் இருந்த வேலையை அப்படியே வைத்துவிட்டு மனேஜரின் அறைக்குப் போனேன். "கடிதம் எழுதினது நான்தான் சேர்," என்றேன்.

அவர் "சரி, போங்கோ," என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கிழமையே வாகனத்தைத் திருத்தக் கொண்டுபோனார்கள். வேலையிலிருந்து யாரையும் நிறுத்தவில்லை. என்னை மட்டும் வாசலடி மேசைக்கு மாற்றினார்கள். அங்கே ஃபேன் இல்லை, பின்னேர வெயில் நேரே முகத்தில் அடிக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்கு நானாவும் நானும் ஒரு மேசையில் இருந்தோம். மற்றவர்கள் தள்ளிப்போய் இருந்துகொண்டார்கள். எங்களோடு கதைத்தால் வில்லங்கம் என்று பயந்திருக்கலாம். யார் எதை மனேஜரிடம் கொண்டுபோவார்களோ என்று நானும் அவர்களைப் பார்த்தபடியேதான் சாப்பிட்டேன்.