பெட்ரோல் இல்லாமல் மன்னார்குடி போன கார்

எங்கள் பக்கத்தில் மேடு என்று ஒன்று கிடையாது. வயல், வாய்க்கால், அதைத் தாண்டினால் மறுபடி வயல். ஏறி இறங்க வேண்டுமென்றால் ஆற்றுப் பாலத்துக்குத்தான் போகவேண்டும். பெட்ரோல் விலை ஏறிய வருஷத்தில் என் வீட்டுக்காரர் அந்தப் பாலங்களைக் கண்டுபிடித்தார். பாலத்து உச்சிக்கு வந்ததும் இன்ஜினை அணைத்துவிடுவார். கார் சத்தமில்லாமல் அந்தப் பக்கம் உருண்டு இறங்கும். நிற்கப் போகிறது, இதோ நிற்கப் போகிறது என்று நமக்கு உயிர் போகும்போது மறுபடி ஸ்டார்ட் செய்வார். “ஒரு சொட்டு மிச்சம்” என்பார், முகமெல்லாம் பல்லாக.

“அந்தச் சொட்டையெல்லாம் சேத்து எனக்கு ஒரு ஒட்டியாணம் பண்ணிப் போடுங்களேன்” என்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அப்பா கல்யாணத்துக்கு முன்னாலேயே அதை இவரிடம் சொல்லிவிட்டுத்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்.

கார் என்றால் லேசுப்பட்ட கார் இல்லை. யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை விற்றுவிட்டுப் போன பழைய பிளஷர் கார். கூடத்தில் பாதி நீளம் இருக்கும். அதை நீடாமங்கலம் ரயிலடியில் நிறுத்தி வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். கல்யாணம், வளைகாப்பு, ஆஸ்பத்திரி, கோயில் என்று ஏதாவது ஒரு நடை கிடைத்துக்கொண்டே இருக்கும். அது பெட்ரோல் குடிக்கிற வேகம் தெரிந்ததுதான், ஆனால் விலை சகாயமாக இருந்தவரை யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அரபு தேசத்தில் ஏதோ சண்டை, அதனால் விலை ஏறிவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். எவனோ எவனோடோ சண்டை போட்டால் என் அடுப்பில் ஏன் கை வைக்கிறான் என்று எனக்குக் கோபமாக வந்தது. ஸ்டாண்டில் டிரைவர்கள் வேலையில்லாமல் உட்கார்ந்து, கொடுக்கிற காசில் பெட்ரோலுக்கு எவ்வளவு, வரிக்கு எவ்வளவு என்று மண்டையை உடைத்துக்கொண்டார்கள். வரியெல்லாம் டெல்லிக்குப் போகிறது என்று ஒரு கட்சி, மெட்ராஸும் பிடுங்குகிறது என்று ஒரு கட்சி. இவர் கரைவேட்டி கட்டுகிறவர். ஆட்சி நம்முடையது, ஆகவே தப்பு டெல்லியுடையது என்று முடித்துவிடுவார். “எந்த ஊருக்குப் போனா என்ன, டேங்கு காலிதானே?” என்று கேட்டால் காரைத் துடைக்கப் போய்விடுவார்.

டேங்க் எப்போதும் காலிதான். நடைக்கு ஆள் வந்து முன்பணம் கொடுத்தால்தான் பெட்ரோல் ஊற்றுவார். போக வர எவ்வளவோ அவ்வளவுதான். ஒரு மூங்கில் குச்சியை உள்ளே விட்டு, நனைந்த இடம் வரைக்கும் விரலால் அளந்து பார்ப்பார். வாடகைக்குப் புது ரேட்டு வைத்தார். வைக்காமல் என்ன செய்வார்? அந்த ரேட்டைக் கேட்டதும் எங்களைப் போன்ற ஜனங்கள் வருவது நின்றுபோயிற்று. மிராசுதார்களும் அவர்களுடைய காரியஸ்தர்களும்தான் வந்தார்கள். பார்க்கிறவர்கள் கண்ணுக்கு எங்கள் கார் மிராசுதார் காராகிவிட்டது.

அது எவ்வளவு பெரிய ஆபத்து என்பது தை மாதம் தெரிந்தது. கதிர் முற்றித் தலை சாய்ந்து கிடக்கிறது, அறுக்க ஆளில்லை. கூலி நெல்லைக் கூட்டிக் கொடுத்தால்தான் அரிவாளைத் தொடுவோம் என்று ஆட்கள் வரப்பில் சிவப்புக் கொடி நட்டுவிட்டார்கள். மிராசுதார்கள் வெளியூரிலிருந்து லாரியில் ஆள் இறக்கப் பார்த்தார்கள். இவர்கள் ரோட்டில் கட்டை வண்டிகளைக் குறுக்கே போட்டு மறித்தார்கள். காரியஸ்தர் ஒருவரை ஏற்றிக்கொண்டு வந்தபோது எங்கள் கார்க் கண்ணாடியில் ஒரு கல் வந்து விழுந்தது. நல்லவேளை, கீறலோடு போயிற்று.

அந்த அமளியில்தான் எனக்கு வலி எடுத்தது. தலைச்சன் பிள்ளை. அம்மா இல்லாததால் புகுந்த வீட்டிலேயே பிரசவம் என்று ஏற்பாடு. காலையில் வந்த மருத்துவச்சி வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

“புள்ள குறுக்கால கெடக்கு. என் கையில நிக்காது. மன்னார்குடி பெரியாஸ்பத்திரிக்கு இப்பவே கொண்டு போங்க. தாமசம் பண்ணினா ரெண்டு உசுருக்கும் நான் பொறுப்பில்ல” என்றாள்.

இவர் ஓடிப்போய்க் குச்சியை விட்டுப் பார்த்தார். நீடாமங்கலம் பங்க்கில் ஸ்டாக் இல்லை என்று அட்டை தொங்கிக்கொண்டிருந்த சமயம் அது.

“மன்னார்குடிக்குச் சரியா இருக்கும்” என்றார்.

“சரியான்னா?”

“சரியாத்தான். சுத்துவழி போனாத்தான் பத்தாது.”

பின் சீட்டில் என்னைப் படுக்கவைத்துக் கிளம்பினார். முதல் பாலத்து உச்சியில் வழக்கம்போல இன்ஜினை அணைத்தார். நான் அலறுகிற அலறலுக்கு நடுவிலும் கை தானாக அதைச் செய்தது. வாழ்க்கையிலேயே அன்றைக்கு ஒரு நாள்தான் அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

மன்னார்குடிக்கு மூன்று மைல் இருக்கும்போது இரண்டாவது பாலம். பாலத்து முகப்பில் வண்டிகள் குறுக்கே கிடந்தன. கொடி, கூட்டம், சத்தம். ஆணும் பெண்ணுமாக நூறு பேருக்குக் குறையாது. இவருக்கு அந்தக் கல் ஞாபகம் வந்துவிட்டது. நேரே போய், “உள்ளே பிள்ளைத்தாச்சி” என்று சொல்லியிருக்கலாம். பயம் சொல்லவிடவில்லை. சட்டென்று காரை ஆற்றங்கரைப் பாதையில் திருப்பினார். அது மாட்டு வண்டி போகிற மணல் பாதை. சக்கரம் புதைந்தது. அழுத்தினார். கார் உறுமிற்று, இரண்டு முறை இருமிற்று, நின்றது. அவ்வளவுதான், தீர்ந்துவிட்டது.

திரும்பிப் போகிற காரைப் பார்த்ததும் கூட்டத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. “வுடாதீங்கடா! காரியஸ்தன் உள்ள இருக்கான்! ஆள் எறக்கப் போறான்!” என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். கதவைத் திறந்த ஆள் உள்ளே பார்த்துவிட்டு அப்படியே நின்றார். என்னைப் பார்த்தவர் யாராக இருந்தாலும் நின்றிருப்பார்.

“கல்லப் போடுறதுன்னா என் தலையில போடுங்க!” என்று கத்தினேன். “சீக்கிரம் போடுங்க! இந்த வலிக்கு அது தேவலை!”

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண்பிள்ளை வந்தாள். நாற்பதுக்கு மேல் இருக்கும். முழங்கால் வரைக்கும் சேலையை ஏற்றிச் செருகியிருந்தாள். ஒன்றும் கேட்காமல் உள்ளே ஏறி, என் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். அதுவரைக்கும் சேரி ஜனங்கள் யாரும் என்னைத் தொட்டதில்லை. நானும் தொட்டதில்லை. ஊர் வழக்கம் அப்படி. அந்தக் கையை அன்றைக்கு நான் விடவே இல்லை.

யாரோ சைக்கிளில் போய்ப் பெட்ரோல் வாங்கி வருகிறேன் என்றார். “அங்கயும் பங்க்குல அட்டைதாங்க தொங்குது” என்றார் இன்னொருவர். கட்டை வண்டியில் ஏற்றிவிடலாம் என்றார் ஒருவர்.

“வேணாம்” என்றாள் அந்தப் பெண். “கட்டை வண்டி குலுக்குற குலுக்கு எனக்குத் தெரியும். புள்ள குறுக்கால கெடக்கு. இதுலயே போவட்டும். தள்ளுங்க.”

“இத்தாம் பெரிய வண்டியவா?”

“பின்ன, தூக்கிட்டா போவப் போற? தள்ளுறா!”

நெல் கட்டு கட்டுகிற கயிற்றை முன்னால் மாட்டினார்கள். ஒரு கூட்டம் இழுத்தது, ஒரு கூட்டம் தள்ளியது. மணலிலிருந்து கிளப்பி, ரோட்டுக்கு ஏற்றி, பாலத்து முகப்புக்குக் கொண்டுவந்தார்கள். எந்த வண்டியையும் விடமாட்டோம் என்று அவர்கள் போட்ட மறியலை அவர்களே விலக்கினார்கள். நாங்கள் மறியலைத் தாண்டியதும் ஒரு குரல், “திரும்ப மறிச்சுப் போடுங்கடா, லாரி வந்துறப் போவுது” என்றது. பாதிப் பேர் மறியலுக்கு நின்றார்கள், பாதிப் பேர் எங்களோடு வந்தார்கள்.

வேலைக்குப் போகாமல் பல நாள் ஆகிவிட்ட ஜனங்கள். அடுப்பு எரிந்ததோ என்னவோ. அந்தக் காலி வயிற்றை வைத்துக்கொண்டு அந்தப் பாறாங்கல் காரைப் பாலத்து மேட்டில் ஏற்றினார்கள் பாருங்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மலைப்பு அடங்கவில்லை. உச்சிக்கு வந்ததும் கார் தானாக உருண்டது. எல்லாரும் ஓ என்று கூவிக்கொண்டே பின்னால் ஓடிவந்தார்கள். அப்புறம் தட்டை ரோடு. மறுபடி தள்ளல்.

இன்ஜின் ஓடாத காரில் எவ்வளவு அமைதி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. காலடிச் சத்தமும் மூச்சுச் சத்தமும்தான். உள்ளே பேசுவது அத்தனையும் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தவர் காதில் விழுந்தது.

“உங்களுக்கு எத்தனை புள்ளைங்க?” என்று கேட்டேன். வலி விட்ட நேரத்தில் ஏதாவது பேசவேண்டும் போலிருந்தது.

“ஒரே பொண்ணுதாம்மா. அதுக்கும் கார்த்திகையிலதான் நாள் ஆச்சு. இதே மாரி குறுக்கால.”

“என்ன புள்ள?”

“ஆம்புளப் புள்ள. தங்கல.” என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே சொன்னாள். “ரயிலடிக்கு வந்து காரு கேட்டோம். ரேட்டு சொன்னாரு. பெட்ரோல் வெல ஏறிப்போச்சுன்னாரு. எங்களுக்கு எட்டல. மழையில வண்டி கட்டிக்கிட்டுப் போனோம். பாதியிலயே எல்லாம் முடிஞ்சு போச்சு.”

“எந்தக் காரு?”

அவள் குனிந்து என் காலைப் பிடித்துவிட்டாள். முன்னால் என் வீட்டுக்காரருடைய முதுகு அசையாமல் இருந்தது. அந்த முதுகைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஐயோ, பாவி மனுஷா என்று கத்தவேண்டும் போலிருந்தது. வலி வந்து வாயை அடைத்தது.

“மூச்ச வுடு புள்ள” என்றாள் அவள். அதுவரைக்கும் வாங்க போங்க என்றவள்தான். “அவரு மட்டும் என்ன பண்ணுவாரு. வெல அப்புடி. வுடு.”

“உங்க பொண்ணு இப்ப எங்க?”

“அந்தா, தள்ளுறா பாரு. செவப்பு ரவிக்கை.”

தலையைத் தூக்கிப் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கண்ணாடியோடு ஒட்டி ஒரு முகம். பதினெட்டு, பத்தொன்பது வயசு. பல்லைக் கடித்துக்கொண்டு, நெற்றி நரம்பு புடைக்கத் தள்ளிக்கொண்டிருந்தாள். கழுத்தில் வியர்வை வழிந்தது. பிள்ளையைப் பறிகொடுத்து இரண்டு மாசம்கூட முழுசாக ஆகவில்லை. தனக்கு வராத காரை அவள் தள்ளுகிறாள். என்னைப் பார்த்ததும் ஒரு கையை எடுத்து, பயப்படாதே என்பதுபோல ஆட்டினாள். மறுபடி கையை வைத்து அழுத்தினாள். மிச்ச தூரம் முழுக்க நான் வேறு எதையும் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் என்னைத் தூக்கி உள்ளே கொண்டுபோனது மட்டும்தான் ஞாபகம். கண் விழித்தபோது பக்கத்தில் பெண் குழந்தை கிடந்தது. கொஞ்சம் நேரமாகியிருந்தால் இரண்டு பேருமே இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். தள்ளிவந்தவர்கள் எங்கே என்று கேட்டேன். மறியலுக்கு ஆள் பத்தாது என்று அப்போதே திரும்பி ஓடிவிட்டார்களாம். வாசல் குழாயில் தண்ணீர் மட்டும் குடித்தார்களாம்.

இவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். திட்டுவதற்கு நாக்கு துறுதுறுத்தது. முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். திட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை.

மன்னார்குடி பங்க்கில் பெட்ரோல் வந்து நாங்கள் வீட்டுக்குத் திரும்பின அன்று கூலி பேசி முடிந்து, ரோட்டின் இரண்டு பக்கமும் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. கேட்டதில் பாதிதான் கிடைத்ததாம். அந்தப் பாலத்தைத் தாண்டியதும் இவரே காரை நிறுத்தினார். மன்னார்குடியில் வாங்கிய பெரிய இனிப்புப் பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி நின்றார். தாயும் மகளும் அரிவாளோடு கரையேறி வந்தார்கள். குழந்தையைப் பார்த்ததும் மகள் சிரித்தாள். தொட்டுப் பார்க்கக் கையை நீட்டி, சேறாக இருந்ததால் இழுத்துக்கொண்டாள். நான் இறங்கி, பிள்ளையை அந்தச் சேற்றுக் கையிலேயே கொடுத்தேன்.

கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

“உனக்கு என்ன வேணும்னாலும் கேளும்மா” என்றார் இவர்.

“ஒண்ணும் வேணாங்க.” அவள் காரைப் பார்த்தாள். “செத்த உள்ள ஏறிப் பாத்துட்டு எறங்கிக்கவா?”

அத்தனை தூரம் தள்ளியவள் அதில் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. ரோட்டோரத்து வைக்கோலை எடுத்துக் காலை நன்றாகத் துடைத்தாள். ஏறிப் பின் சீட்டில் உட்கார்ந்தாள். அப்புறம் மெதுவாகச் சாய்ந்து, நான் படுத்திருந்ததுபோலவே படுத்துக் காலை நீட்டினாள். மேலே கூரையைப் பார்த்தாள்.

“யம்மா, நல்லா நீட்டிக்கலாம்மா” என்றாள். “குலுங்கவே குலுங்காது.”

தாய் அரிவாளைக் கை மாற்றிக்கொண்டாள்.

“இதுல வந்திருந்தா பொழச்சிருக்கும்ல?”

யாரையும் குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். என் வீட்டுக்காரர் பொட்டலத்தைப் பிடித்தபடியே ரோட்டோரத்தில் குந்தி உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதார். தாய் அவரைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள்.

“எந்திரிச்சு வா புள்ள” என்றாள். “கதிரு கெடக்கு.”