லீட்ரிம்காரன் பிடித்த பந்து

எங்கள் ஆட்களுக்கு ஒரு குணம் உண்டு. புதிதாக ஒரு தமிழ் முகத்தைக் கண்டால் பெயரைக் கேட்க முன்னம் ஊரைக் கேட்போம். பேர்லின் நொய்கெல்னில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் எனக்கு அந்தக் குணம் இரண்டு பங்கு. ஸ்ரீதரன் முதன்முதலாக என் கடைக்கு வந்து, ஒரேயொரு பாகற்காயை எடுத்துக்கொண்டு காசு கொடுக்க நின்றபோதும் அதைத்தான் கேட்டேன்.

"தம்பி எந்த ஊர்?"

"லீட்ரிம்."

"அது எங்க, கொடிகாமத்துக்கு அங்காலயோ?"

"இல்லை அக்கா, அயர்லாந்தில."

பகிடி விடுகிறான் என்று நினைத்தேன். ஆள் பார்க்க அசல் யாழ்ப்பாணத்துப் பெடியன். நல்ல கறுப்பு, சுருட்டை முடி, முப்பது வயது சொல்லலாம். ஆனால் தமிழ் வாயிலிருந்து வந்த விதம் வேறு. சொற்கள் அறுபதுகளில் யாழ்ப்பாணத்து அளவெட்டிக் கிராமத்தில் பேசிய சொற்கள், ராகம் மட்டும் வெள்ளைக்காரன் ராகம். தாயிடம் மட்டும் பேசிப் பழகிய தமிழ் அப்படித்தான் இருக்கும் என்று பிறகு விளங்கியது.

தகப்பன் டொக்டர் அரியரத்தினம், அளவெட்டி. எழுபதுகளின் தொடக்கத்தில் அயர்லாந்துக்கு வேலைக்குப் போய், லீட்ரிம் என்ற மாவட்டத்தில் ஒரு சின்னப் பட்டணத்தில் இருந்துவிட்டார். சனம் குறைந்த இடம், மழை கூடிய இடம். ஸ்ரீதரன் பிறந்ததும் வளர்ந்ததும் அங்கேதான். தாயும் தகப்பனும் செத்ததும் அங்கேதான். இரண்டு பேரின் சாம்பலையும் ஷானன் ஆற்றில் கரைத்தவன் அவன். கூடப்பிறந்தவர்கள் இல்லை. பிறகு ரயில் பெட்டி கட்டும் கொம்பனி ஒன்றில் எஞ்சினியர் வேலை கிடைத்துப் பேர்லினுக்கு வந்துவிட்டான். நான்காம் மாடியில் ஒற்றை அறை. அதுதான் அந்த ஒற்றைப் பாகற்காய்.

என் வாய் சும்மா இருக்காது. "கலியாணம் கட்டேல்லையோ?" என்று கேட்டேன். சிரித்தான். "ஆர் தருவினம் அக்கா? தமிழாக்கள் என்னை வெள்ளைக்காரன் எண்டு சொல்லினம். வெள்ளைக்காரர் தமிழன் எண்டு சொல்லினம்." சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குத்தான் சுருக்கென்றது.

சனிக்கிழமைகளில் வந்து கல்லாவுக்குப் பக்கத்தில் வெங்காய மூட்டைமேல் இருந்துகொண்டு கதைப்பான். கதை எப்போதும் ஒரே கதை, கேலிக் உதைபந்து. கையாலும் பிடிக்கலாம், காலாலும் அடிக்கலாம். கம்பத்துக்கு மேலால் போனால் ஒரு புள்ளி, வலைக்குள் போனால் மூன்று. உதைபந்தும் வலைப்பந்தும் கலியாணம் கட்டிப் பெற்ற பிள்ளை என்று நான் நக்கலடிப்பேன். அவனுக்குக் கோபம் வராது. என் கடைப் பூசணிக்காய் ஒன்றை மேலே எறிந்து, எல்லாத் தலைக்கும் மேலால் எழும்பி இரண்டு கையாலும் பிடிப்பது எப்படி என்று செய்து காட்டுவான். அந்தப் பிடிதான் அந்த விளையாட்டின் உயிராம். ஒரு பூசணி உடைந்ததும் உண்டு.

"ஆருக்கும் சம்பளம் இல்லை அக்கா. பிறந்த மாவட்டத்துக்குத்தான் விளையாடுறது. லீட்ரிம் வெல்லாது. வெல்லாட்டிலும் லீட்ரிம்தான்."

அவன் அறிய ஒரேயொரு தரம், தொண்ணூற்று நான்கில், லீட்ரிம் மாகாணக் கிண்ணத்தை வென்றது. அன்றைக்குத் தகப்பனும் அவனும் போயிருந்தார்கள். பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாத டொக்டர், கோட்டும் டையுமாக, சனத்தோடு சனமாக மைதானத்துக்குள் ஓடினாராம். மகனுக்கு அங்கேயே ஒரு லீட்ரிம் சேர்ட் வாங்கிக் கொடுத்தார். பச்சையும் மஞ்சளும். அதை அவன் என்னிடம் கொண்டுவந்து காட்டினான். கோயில் பட்டு மாதிரி மடித்து வைத்திருந்தான்.

பேர்லினில் அயர்லாந்துக்காரர் கூடும் மதுக்கடை ஒன்று உண்டு. அங்கே ஃபேர்கல் என்றொரு ஆள், கெரி மாவட்டத்தான், சிவத்த முகம், நல்ல மனம். சனிக்கிழமைகளில் அந்தக் கூட்டத்தில் பாதிப்பேர் இங்கிலாந்து உதைபந்துக் கழகங்களின் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு கத்துவார்களாம். ஞாயிற்றுக்கிழமையானால் அதே ஆட்கள், கேலிக் பந்துதான் எங்கள் இரத்தம், அது இல்லாதவன் ஐரிஷ்காரனே இல்லை என்பார்களாம். நம்மவர்களை மாதிரியேதான் என்று நினைத்தேன். ஃபேர்கல் ஆட்களைச் சேர்த்துப் பழக்கி, வருடத்துக்கு ஒரு தரம் ஒரு ஆட்டம் வைப்பான். ஐரிஷ்காரர் ஒரு பக்கம், உலகத்தில் மிச்சப்பேர் எல்லாரும் மறுபக்கம். முதல் வருடம் ஸ்ரீதரனுக்குக் கால் சுளுக்கு. இரண்டாம் வருடத்துக்காக, இரண்டாயிரத்து நான்கு பிறந்ததிலிருந்து ஓடிக்கொண்டே இருந்தான். ஐரிஷ் பக்கத்தில் நின்று ஒரு ஆட்டம். அதுதான் அவனுக்கு வேண்டியிருந்தது.

அந்த ஆனி மாதம் அயர்லாந்தில் ஒரு வாக்கெடுப்பு வந்தது. அந்த மண்ணில் பிறந்தாலே அந்த நாட்டுப் பிரஜை என்றிருந்ததை, தாய் தகப்பன் வெளிநாட்டார் என்றால் அப்படியில்லை என்று மாற்றலாமா என்று கேட்டார்கள். ஐந்து பேரில் நான்கு பேர் மாற்றச் சொன்னார்கள். வெளிநாட்டில் இருந்ததால் ஸ்ரீதரன் வாக்குப் போட ஏலாது. அவனுடைய பாஸ்போர்ட்டை யாரும் பறிக்கவில்லை, முன்னமே பிறந்த பிள்ளைகளுக்கு அந்தச் சட்டம் இல்லை. ஆனாலும் அந்தச் சனிக்கிழமை அவன் பூசணிக்காயைத் தொடவில்லை.

"நாளைக்கு மாட்ச். வாங்கோ அக்கா. ஒரு ஆளாவது எனக்காக நிக்கட்டும்."

நான் கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். எனக்கு அது பெரிய காரியம். மைதானத்தில் வேறு தமிழ் முகம் கிடையாது. ஸ்ரீதரன் லீட்ரிம் சேர்ட்டோடு வந்து நின்றான். ஃபேர்கல் ஒரு பையிலிருந்து சேர்ட்டுகளை எடுத்து எறிந்துகொண்டு போனான். ஐரிஷ்காரருக்குப் பச்சை, மற்றவர்களுக்கு வெள்ளை. தாத்தா அயர்லாந்து என்று சொன்ன ஓர் அமெரிக்க மாணவனுக்குப் பச்சை. அவன் பந்தை எந்தக் கையால் பிடிப்பது என்று பக்கத்தில் நின்றவனைக் கேட்டுக்கொண்டிருந்தான். ஸ்ரீதரனுக்கு வந்தது வெள்ளை.

ஸ்ரீதரன் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஃபேர்கல் தோளில் தட்டி, "உங்கட பக்கத்துக்கு நல்ல ஆட்டக்காரன் ஒருவன் வேணும்தானே" என்றான். ஆங்கிலம் எனக்கு அரைகுறை, ஆனால் 'உங்கட பக்கம்' என்பதை விளங்கிக்கொள்ள அரைகுறை போதும். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கெட்ட எண்ணம் என்றால் சண்டை பிடித்திருக்கலாம். ஒரு வருடமாகப் பக்கத்தில் இருந்து குடித்தவன், லீட்ரிம் கதையெல்லாம் கேட்டவன், சேர்ட் எறிகிற நேரத்தில் கண்ணால் மட்டும் பார்த்து எறிந்துவிட்டான்.

ஸ்ரீதரன் வெள்ளையை லீட்ரிம் சேர்ட்டுக்கு மேலே போட்டான். கழுத்தடியில் பச்சை தெரிந்தது. அன்றைக்கு அவன் விளையாடிய மாதிரி நான் ஒருவரையும் கண்டதில்லை. பூசணிக்காய்ப் பிடி எல்லாம் அங்கே வந்தது. வெள்ளைக்காரர் பத்துப் பேருக்கு மேலால் எழும்பிப் பிடித்தான். வெள்ளைச் சேர்ட் வென்றது. முடிந்ததும் ஃபேர்கல் ஓடிவந்து கட்டிப்பிடித்து, "தனியாளாக நின்று ஐரிஷ்காரரை அடிச்சுப்போட்டாய் மச்சான்" என்கிற மாதிரி ஏதோ சொன்னான். ஸ்ரீதரன் நன்றி சொன்னான். மதுக்கடைக்குப் போகவில்லை. பிறகும் போகவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "விடும் தம்பி. அவையள் இல்லாட்டி உமக்கு ஆக்கள் இல்லையே?" என்று சொல்லி, ஆவணியில் ஹம் பட்டணத்தில் நடந்த தமிழர் விளையாட்டுப் போட்டிக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஊர் ஊராகத்தான் உதைபந்து. அளவெட்டிக் குழுவுக்குப் பொறுப்பு என் தங்கையின் புருசன் அசோகன்.

"டொக்டர் அரியரத்தினத்தின்ர மோனோ? உம்மட அப்பாவை ஆருக்குத் தெரியாது! வாரும், வாரும்!"

அவ்வளவுதான். அளவெட்டியைக் கண்ணால் காணாதவன் கையில் சிவப்புச் சேர்ட் வந்துவிட்டது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆளுக்காள் முதுகில் தட்டினார்கள், சோறு தந்தார்கள், பெண் பார்க்கவும் தொடங்கிவிட்டார்கள். ஸ்ரீதரன் என்னைப் பார்த்துச் சிரித்தான். எனக்கும் பெருமைதான், கொஞ்சம் கூடிப்போச்சு.

கடைசி ஆட்டம் சமநிலையில் போய்க்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் மூலையிலிருந்து அடித்த பந்து உயரமாக எங்கள் வலைக்கு முன்னால் வந்தது. எல்லாரும் தலையால் முட்ட எழும்பினார்கள். ஸ்ரீதரனும் எழும்பினான், எல்லாத் தலைக்கும் மேலே. இரண்டு கையையும் நீட்டி, பந்தைப் பூப்போல எடுத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிலத்தில் நின்றான். நின்று, யாருக்கு அடிக்கலாம் என்று தலையைத் திருப்பி ஆள் தேடினான்.

மைதானம் ஒரு கணம் வாயடைத்துப் போனது. அந்தக் கணத்தில் நான் என்னை மறந்து கை தட்டிவிட்டேன். பிறகுதான் விசில். பிறகுதான் சிரிப்பு, கூக்குரல், வாயால் சொல்ல ஏலாத பேச்சுகள். அவன் தன் கைகளைப் பார்த்தான். பந்து இன்னும் அங்கேயே இருந்தது. பெனால்டியில் கோல் விழுந்தது. அளவெட்டி தோற்றது.

"உவனுக்கு ஆர் சேர்ட் குடுத்தது?" என்று அசோகன் கத்தினான். கொடுத்தது அவனேதான். "உவன் எங்கட பெடியனே? பந்தைக் கையால பிடிக்கிறான், மடையன்!" சோறு தந்த ஆட்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நான் அசோகனை வாங்கு வாங்கென்று வாங்கினேன். அதனால் என்ன பிரயோசனம்? ஸ்ரீதரன் சிவப்புச் சேர்ட்டைக் கழற்றி, மடித்து, வாங்குப் பலகையில் வைத்துவிட்டு வந்தான்.

திரும்பும் ரயிலில் அவன் ஜன்னல் பக்கம். நான் கொண்டுவந்த வடையைத் தொடவில்லை. ஹனோவர் தாண்டிய பிறகு கேட்டான்.

"அக்கா, ஒரு ஆள் கை தட்டிக் கேட்டது. ஆர் அது?"

"நான்தான்."

"ஏன்?"

"நல்ல பிடி எண்டு தட்டினனான்."

"நல்ல பிடியோ? உண்மையாவோ?"

"உண்மையா. அந்தப் பூசணியைவிட வடிவாப் பிடிச்சனீர்."

"ஓம்," என்றான். "லீட்ரிமில எண்டா எல்லாரும் எழும்பி நிண்டிருப்பினம். அப்பாவும் எழும்பியிருப்பார்."

பந்தைப் பிடித்த அந்த இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.