ஒரு வரி பாக்கி

எங்கள் வீட்டு அழைப்பு மணியை அம்மா அழுத்தினால், யாராவது வந்து கதவைத் திறக்கும்வரை கட்டைவிரலை எடுக்க மாட்டாள். வீடு முழுக்க அலறும். குளியலறையிலிருந்து ஈரக்காலோடு ஓடி வந்திருக்கிறேன். அடுப்பில் பாலைப் பொங்கவிட்டு ஓடி வந்திருக்கிறேன். எதிர்வீட்டு அத்தை ஜன்னலைத் திறந்து கத்துவார்.

"என்னம்மா, வீடு பத்திக்கிச்சா?"

அம்மா விரலை எடுக்காமலே திரும்பிச் சிரிப்பாள். "இல்லக்கா, வந்துட்டேன்னு சொல்றேன்."

"ஊருக்கே சொல்லிட்ட, போ."

லிஃப்ட் பட்டனும் அப்படித்தான். சிறுவயதில் இதை அவளுடைய பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது பிடிவாதமல்ல, அவள் வேலை விரலை அப்படிப் பழக்கிவிட்டது. பழக்கிய ரயில் நிர்வாகத்தினர் இந்த மாதம் தங்களுடைய நாற்பதாண்டு மலரை வெளியிட்டிருக்கிறார்கள். பளபளக்கும் தாள், பக்கத்துக்குப் பக்கம் வண்ணப்படம், சிரிக்கும் அதிகாரிகள். அறுபத்திரண்டாம் பக்கத்தில் இப்படி ஒரு வாக்கியம்: "கார்டு ஒருவரின் கவனக்குறைவாலும் பயணி ஒருவரின் அவசரத்தாலும் நேர்ந்த ஒரே விபத்தைத் தொடர்ந்து, மனிதத் தவறுக்கு இடமில்லாத நவீன முறை கொண்டுவரப்பட்டது."

அந்தக் கார்டு என் அம்மா. கவனக்குறைவு என்ற சொல்லைப் படித்தபோது புத்தகத்தைச் சுவரில் எறிந்தேன். பிறகு நானே போய் எடுத்து வந்தேன். அந்தச் சொல் அச்சேறியதில் எனக்கும் பங்கு உண்டு. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நகரத்தின் பெரிய சாலையை நடுவே பிளந்து, பள்ளம் வெட்டி, மேலே கான்கிரீட் மூடி போட்டுக் கட்டிய சுரங்க ரயில்பாதை அது. பதினோரு நிலையங்கள். பள்ளம் வெட்டிய கூலிகளில் என் அப்பாவும் ஒருவர். பிறகு அங்கேயே தண்டவாளப் பராமரிப்பில் சேர்ந்து, சுரங்கத் தூசியை நெஞ்சில் வாங்கி, எனக்கு மூன்று வயதானபோது இறந்தார். அம்மா எட்டாம் வகுப்பு படித்தவள். இரண்டு வருடம் மனுவோடு அலைந்து கார்டு வேலை வாங்கினாள். ரயில் குவார்ட்டர்ஸில் ஒன்றரை அறை வீடும் கிடைத்தது.

கார்டின் வேலை வண்டியின் கடைசிப் பெட்டியில். பட்டனை அழுத்திக் கதவுகளை மூட வேண்டும். எல்லாக் கதவும் மூடினால் பச்சை விளக்கு எரியும். ஜன்னல் வழியே தலையை நீட்டி நடைமேடையைப் பார்க்க வேண்டும். பிறகு முன்னால் இருக்கும் டிரைவருக்கு மணி. இரண்டு மணி என்றால் 'எடு'. ஒரு மணி என்றால் 'நில்'. அவ்வளவுதான் மொழி. முப்பது நொடிக்குள் ஒரு நிலையத்தைக் காலி செய்ய வேண்டிய காலை நேரத்தில் அதற்கு மேல் பேச யாருக்கு நேரம்?

வண்டிகள் வேறொரு நாட்டு நகரத்தில் ஓடித் தேய்ந்து, அவர்கள் கழித்துக் கட்டியபின் இங்கே வாங்கப்பட்டவை. மலரில் இது இல்லை. 'வெளிநாட்டுத் தொழில்நுட்பம்' என்று இருக்கிறது. அந்த மணிப் பட்டன்களில் பல தேய்ந்துபோனவை. அழுத்தும்போது ஒரு தடவை அடிக்கும், விரலை எடுக்கும்போது இன்னொரு தடவை அடிக்கும். கார்டுகள் இதற்கு 'தும்மல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். "இன்னிக்கு எந்த வண்டி? நாலா? அது தும்மும், பாத்துக்க." 'நில்' என்று சொல்ல ஒரு தடவை அழுத்திவிட்டு விரலை எடுத்தால், டிரைவர் காதில் அது 'எடு' என்று விழும். அதனால் அவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒரு மணி அடிக்க வேண்டுமென்றால், அழுத்திய விரலை எடுக்காதே. ஆபத்து விலகும்வரை அழுத்திக்கொண்டே இரு.

அம்மாவின் கட்டைவிரல் இப்படித்தான் பழகியது. பழுதை அவள் பதிவேட்டில் எழுதவும் செய்தாள், ஏழு தடவை. அவளுடைய கோணல் எழுத்தில், "4ஆம் வண்டி மணி தும்முது" என்று. பணிமனை மேஸ்திரி கேலி செய்வாராம்: "தும்முதுன்னா மாத்திரை குடும்மா, எங்கிட்ட ஏன் எழுதற?"

எனக்குப் பதினேழு வயது. பள்ளி இறுதித் தேர்வுக்கு மூன்று வாரம். காலை எட்டே முக்கால் மணிக்கு, ஆறாவது நிலையத்தில், கூட்டம் நிரம்பி வழிந்தது. அம்மாவுக்கு அன்று 4ஆம் வண்டி. கதவை மூடினாள். பச்சை விளக்கு எரிந்தது. தலையை நீட்டிப் பார்த்தால், மூன்றாவது பெட்டிக் கதவில் ஒரு பெண் கை மாட்டி நிற்கிறார். கதவு விளிம்பு கெட்டி ரப்பர். மணிக்கட்டு அளவு இடைவெளி இருந்தாலும் விளக்கு எரிந்துவிடும். விதிப்படி முதலில் டிரைவரை நிறுத்த வேண்டும், பிறகு கதவைத் திறக்க வேண்டும். அம்மா ஒரு மணி அழுத்தினாள். அழுத்திப் பிடித்தாள். மணியை விடாமல் இன்னொரு கையைக் கதவுப் பட்டனுக்கு நீட்டினாள். எட்டவில்லை. நெட்டையான ஆண்களுக்காகச் செய்த பெட்டி அது. என் அம்மா என் தோள் உயரம்.

கதவைத் திறக்க, மணியிலிருந்து விரலை எடுத்தாள். மணி தும்மியது. வண்டி நகர்ந்தது.

அவசர பிரேக்கை அவள் இழுப்பதற்குள் பதினைந்து அடி ஓடிவிட்டது. அந்தப் பெண்ணின் வலது கையில் மூன்று விரல்கள் அதற்குப்பின் மடங்கவேயில்லை. அவர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை செய்தவர்.

விசாரணையில் டிரைவரைக் கேட்டார்கள். அவர் பொய் சொல்கிறவர் அல்ல. "ரெண்டு மணி கேட்டுச்சு சார். ஆனா அந்தப் பட்டன் வந்து..." என்று இழுத்தார்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. ரெண்டுதானே?"

"ரெண்டுதான் சார்."

நான்காம் நாள் விசாரணை அதிகாரி எங்கள் வீட்டுக்கே வந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். சுவரில் நான் ஒட்டியிருந்த தேர்வு அட்டவணையைப் படித்தார். "பொண்ணு நல்லா படிக்குமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டு, பையிலிருந்து தட்டச்சு செய்த தாளை எடுத்தார்.

"இதுல ஒரு கையெழுத்தும்மா. அவசரத்துல ரெண்டு மணி அடிச்சிட்டேன், அந்தப் பொம்பளையும் ஓடி வந்து மூடுற கதவுல கைய விட்டுட்டாங்கன்னு இருக்கு. ஆறு மாசம் சஸ்பென்ஷன், அப்புறம் வேற எடத்துல வேலை. முடிஞ்சுது."

"அவங்க ஓடி வரல சார். வரிசைல நின்னாங்க. நான் பாத்தேன். மணியும் ஒண்ணுதான் அடிச்சேன். நோட்டுல ஏழு தடவை எழுதியிருக்கேன், பாருங்க."

"அந்த நோட்டு நிரம்பிடுச்சே. புது நோட்டு போட்டாச்சு."

"பழசு?"

"பழசெல்லாம் எடைக்குப் போடறது வழக்கம்மா." அவர் குரல் மாறவேயில்லை. "மெஷின் கோளாறுன்னு நீங்க சொன்னா, நீங்கதான் நிரூபிக்கணும். ரெண்டு மூணு வருஷம் ஆகும். அது வரைக்கும் வேலை கிடையாது, குவார்ட்டர்ஸ் காலி பண்ணனும். பரீட்சை எப்போ, மூணு வாரமா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அன்று படித்த பக்கம் நினைவில்லை. தலையை நிமிர்த்தாமல் இருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

கையெழுத்துப் போட்டாள்.

அந்தத் தாளைக் காட்டி நிர்வாகம் மொத்தமாகக் கை கழுவியது. பட்டன் நல்ல பட்டன் என்றானது. தவறு ஆளுடையது என்று சொல்லி, இரண்டு வருடத்தில் கார்டு வேலையையே எடுத்தார்கள். நாற்பது கார்டுகள் ஆளுக்கொரு மூலைக்குப் போனார்கள். "ஒன் கையெழுத்துல எங்க எல்லாரையும் எறக்கிவிட்டுட்டியே" என்று ஒருவர் பொதுக்குழாயடியில் வைத்துக் கேட்டார். அம்மா குடத்தை நிரப்பிக்கொண்டு வந்தாள். 

சஸ்பென்ஷன் முடிந்ததும் அவளை ஆறாவது நிலையத்திலேயே போட்டார்கள், தொலைந்த பொருள் கவுண்ட்டரில். குடை, கண்ணாடி, ஒற்றைச் செருப்பு, ஒரு தடவை பல்செட்டு. கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் அடையாளம் கேட்டுக் கொடுக்க வேண்டும்.

அங்கேதான் கதவில் கை மாட்டிய அந்தத் தையல் அக்கா வந்தார். அவர் வந்த முதல் நாள் நானும் அங்கே இருந்தேன். கல்லூரிக்குப் போகும் வழியில் அம்மாவுக்குச் சாப்பாடு கொடுக்க நின்றிருந்தேன். இடது கையால் கம்பியைத் தட்டினார்.

"கார்டக்கா, ஒரு பொருள் தொலைஞ்சு போச்சு."

அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுந்து நின்றாள்.

"ஒரு வரி. நான் ஓடி வரலன்னு ஒரு வரி. உங்க தாள்ல அது காணோம். இங்க யாராவது கொண்டாந்து குடுத்தாங்களா?"

"உக்காரு தங்கச்சி."

"உக்கார நேரமில்ல. இப்ப பட்டன் பிரிவுல போட்டிருக்காங்க. தைக்க முடியாதுல்ல, எண்ணி எண்ணிப் பொட்டலம் கட்டறேன். உங்களுக்கும் பட்டனால கேடு, எனக்கும் பட்டன்தான் பொழப்பு." அவரே சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "என் வீட்டுக்காரர் இன்னமும் கேக்கறாரு, அப்படி என்ன அவசரம்னு ஓடினேன்னு. மாமியார் கேக்கறாங்க. நானே சில நாள் யோசிக்கறேன், ஒருவேளை ஓடித்தான் வந்தனோன்னு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்க்கா. பாத்தது நீங்க ஒருத்தர்தான். எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

"எழுதித் தரேன். சத்தியமா தரேன்."

"எப்போ?"

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் அக்கா திரும்பினார். "ஓ, இவ படிக்கறாளா. சரி. படிச்சு முடிக்கட்டும்."

நான் படித்து முடித்தேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம். அப்போது எனக்கு வேலைக்கான உத்தரவு வர வேண்டியிருந்தது. இந்த நேரத்தில் வம்பு வேண்டாமே என்று சொன்னவள் நான். வேலை வந்தது. பிறகு அம்மாவின் ஓய்வூதிய உத்தரவு வர வேண்டியிருந்தது. அதையும் நினைவுபடுத்தியவள் நான். பதினோரு வருடம். அக்கா வாரத்துக்கு ஒரு முறையாவது கம்பியைத் தட்டுவார். "வந்துச்சா கார்டக்கா?" "இன்னும் வரல தங்கச்சி." கூட இருந்த ஊழியர்களுக்கு அது வேடிக்கையாகிவிட்டது. அப்படி என்னதான் தொலைத்தார் என்று பந்தயம்கூடக் கட்டினார்களாம்.

ஓய்வூதிய உத்தரவு போன வருடம் வந்தது. அன்றைக்கே அம்மா சொன்னாள்: "இப்ப எழுதிடலாம். என் எழுத்து கோணலா இருக்கும், நீ எழுது. நான் கையெழுத்துப் போடறேன்."

"அடுத்த வாரம் எனக்கு ஆபீஸ் பரீட்சை இருக்கும்மா. முடியட்டும், நிதானமா எழுதலாம்."

"எல்லாம் ஒன் பரீட்சைதாண்டி" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

அந்த வாரமே பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தது. மருத்துவமனைக் கட்டிலில் இடது கையில் அழைப்பு மணியைக் கொடுத்திருந்தார்கள். அழுத்தினால் விடமாட்டாள். "பாட்டிம்மா, ஒரு தடவை அழுத்துனா போதும், வருவோம்ல" என்று நர்ஸ் சலித்துக்கொண்டார். நான் பேனாவை அம்மாவின் இடது கையில் வைத்துப் பார்த்தேன். அவள் கட்டைவிரலால் பேனாவின் நுனியை அழுத்திக்கொண்டே இருந்தாள். ஒன்பதாம் நாள் போய்விட்டாள்.

மலர் வெளிவந்த அன்று இரவெல்லாம் கொதித்தேன். நிர்வாகத்துக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதினேன். 'தங்கள் கடிதம் பெறப்பட்டது' என்று பதில் வந்தது. எந்த முகத்தோடு கோபப்படுகிறேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அதிகாரி அன்று ஒரு நாள் வந்து பேசினார்; பதினோரு வருடம் தள்ளிப்போட்டது நான். ஆனாலும் ஒன்று சொல்வேன். ஒரு பட்டனின் விலைக்கு இரண்டு பெண்களைப் பொய்யாக்கியவர்களை, என் குற்றத்தைக் காட்டி மன்னித்துவிட எனக்கு விருப்பமில்லை.

பிறகு தாளில் அந்த வரியைத் தெளிவாக எழுதிக்கொண்டு தையல் அக்கா வீட்டுக்குப் போனேன். ஞாயிறு மதியம். வீட்டுக்கு எடுத்துவந்த பட்டன்களைத் தரையில் கொட்டி, இடது கையால் ஒதுக்கி எண்ணிக்கொண்டிருந்தார். அம்மா இறந்தது அவருக்குத் தெரிந்திருந்தது. நான் வாசித்தேன்: "மணி ஒரு முறைதான் அழுத்தப்பட்டது. இவர் ஓடி வரவில்லை, வரிசையில் நின்று ஏறினார்."

அவர் எண்ணுவதை நிறுத்தினார்.

"நல்லா எழுதியிருக்கம்மா. படிச்ச எழுத்து." தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். "நீ அங்க இருந்தியா?"

"இல்லக்கா."

"நான் வரிசைல நின்னத நீ பாத்தியா?"

"அம்மா சொன்னாங்க."

"அத நானும்தான் பன்னெண்டு வருஷமா சொல்றேன்." தாளை மடித்து என் கையிலேயே வைத்தார். "நீ குடுத்தா அது வேறம்மா. உங்கம்மா குடுக்க வேண்டியது அப்படியே நிக்குது. போ, எனக்கு எண்ணிக்கை விட்டுப்போச்சு."

குவியலை ஒன்றாகச் சேர்த்து, மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.