விட்டுப்போன ஒரு ‘ம்’

தடா பக்கம் ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டராக இருக்கிறேன். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான்தான்.

அன்று ஷிப்ட் முடிந்த அவசரத்தில், ‘பெல்ட் வேலை முடிந்ததும் மெஷினைப் போடவும்’ என்று போர்டில் எழுதினேன். எழுதியதைத் திரும்பப் படிக்கவில்லை.

வாசல்வரை போயிருப்பேன், உள்ளே ஒரு அலறல். “டேய், கை உள்ள கீதுடா!” பெல்ட் மாட்டிக்கொண்டிருந்த முரளி அண்ணன் குரல்.

ஓடினேன். அடுத்த ஷிப்ட் சேகரின் விரல் மெஷின் பட்டன் மேல் இருந்தது; நல்லவேளை, இன்னும் அழுத்தவில்லை. “முடிந்ததுன்னு நீதானே எழுதிக்கீறே?” என்றான். போர்டில் ‘முடிந்தது’ என்றுதான் இருந்தது. ‘ம்’மைக் காணோம்.

“ஒரு எழுத்துக்கு என் கையைக் கேக்கறியே, நைனா!” என்றார் அண்ணன்.

அழித்துவிட்டு, ‘முரளி வெளியே வந்து சொல்லும்வரை மெஷினைப் போடக்கூடாது’ என்று எழுதினேன்.

இப்போதெல்லாம் எழுதியதை, மெஷினுக்குள் கை வைத்திருப்பவருக்கே முதலில் படித்துக்காட்டுகிறேன்.