ஊட்டியும் தேறாத உடம்பு

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு சித்திரை மாதம். திருவண்ணாமலையில் வேங்கிக்கால் பக்கம் வாடகை வீட்டில் இருந்தோம். என் கணவருக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன.

அவர் நெல் மூட்டை ஏற்றும் வேன் ஓட்டியவர். ஆள் குறைந்தால் தானே மூட்டையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொள்வார். அந்தத் தோளில் சட்டை தொளதொளவென்று தொங்க ஆரம்பித்தது. மோதிரம் தானாகக் கழன்று விழுந்தது. நூல் சுற்றிப் போட்டும் நிற்கவில்லை.

நான் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். காலையில் கேழ்வரகுக் கஞ்சி கொடுத்துவிட்டுப் போவேன். மதியம் ஓடிவந்து சாதத்தைக் குழையப் பிசைந்து ஊட்டுவேன். வாயருகே கொண்டுபோனாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். கெஞ்சி உள்ளே தள்ளினால் கொஞ்ச நேரத்தில் வாந்தி.

கீழ்பென்னாத்தூரிலிருந்து அவருடைய அக்கா வாரம் தவறாமல் வருவார். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். வரும்போதெல்லாம் தூக்குவாளியில் நாட்டுக்கோழிக் குழம்பு இருக்கும். தம்பியின் கையைப் பிடித்துப் பார்ப்பார். பிறகு என்னைப் பார்ப்பார். ஒருநாள் வாசலில் நின்று, பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி சொன்னார்: “எப்படி இருந்த புள்ள! வேலைக்குப் போறேன்னு சொல்லிட்டு இவ பட்டினி போட்டே கொல்றா.”

அந்தச் சமயத்தில்தான், நாங்கள் போய்வந்த மருத்துவமனையில் ஒரு பெண் விஞ்ஞானியைச் சந்தித்தோம். வியாதியில் உடம்பு ஏன் இப்படிக் கரைகிறது என்று ஆராய்கிறவர். கணவர் ஆராய்ச்சிக்குச் சம்மதித்ததும், கையின் பலத்தை அளக்கும் ஒரு கருவியைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். தொடையை டேப்பால் அளந்தார். “வீட்டுல என்ன சாப்பிடறாரு?” என்று கேட்டாரோ இல்லையோ, எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இவரும் என்னைத்தான் குறை சொல்கிறார் என்று நினைத்துவிட்டேன்.

அவர் என்னை உட்காரவைத்துச் சொன்னார். “நீங்க கம்மியா போடறதால வர்ற மெலிவு இல்லம்மா இது. இந்த நோய் பசியையும் அடக்கிடுது, சதையையும் கரைச்சிடுது. எவ்ளோ ஊட்டினாலும் சோறு மட்டும் அதைத் திருப்பிக் கொண்டாராது. புடிச்சதைக் கொஞ்சம் கொஞ்சமா குடுங்க. சண்டை போட்டு ஊட்டாதீங்க.”

“இதுக்கு மருந்து இல்லீங்களா?”

“முழுசா நிறுத்தற மருந்து இன்னும் இல்லம்மா. அதைத்தான் தேடிட்டிருக்கோம்.”

மறுமுறை போனபோது நாத்தனாரையும் கெஞ்சிக் கூட்டிப்போனேன். விஞ்ஞானி முகம் சுளிக்காமல் எல்லாவற்றையும் மறுபடி விளக்கினார். நாத்தனாரும் “சரிங்க மேடம், புரியுதுங்க” என்று தலையாட்டினார். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

வெளியே ஆட்டோவுக்கு நிற்கும்போது நாத்தனார் என் பக்கம் திரும்பினார். “நல்லா சொல்லிக் குடுத்து வெச்சிருக்க அந்தம்மாவுக்கு. ஊரை ஏமாத்து. என்னை ஏமாத்த முடியாது.”

என் கணவர் எங்கள் நடுவில்தான் நின்றிருந்தார். ‘அவ ஊட்டத்தான் செய்யறா, என்னாலதான் சாப்பிட முடியல’ என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்து கேட்டேன், ஏன் பேசவில்லை என்று. “அக்கா என்னை வளர்த்துச்சு. போற காலத்துல அது மனசை எதுக்கு நோகடிக்கணும்? உனக்கு உண்மை தெரியுதுல்ல, வுடு.”

என் மனசும் நோகும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

ஆடி பிறப்பதற்குள் போய்விட்டார். காரியத்தன்று அவருக்குப் பிடித்ததெல்லாம் இலை கொள்ளாமல் படைத்தார்கள். “உசுரோட இருந்தப்ப ஒரு வாய் போடாதவ, இப்ப வந்து நிக்கிறா பாரு” என்றார் நாத்தனார், எல்லோர் முன்னாலும். விஞ்ஞானி சொன்னதைச் சொல்ல வாயெடுத்தேன். “இன்னிக்கு எதுக்கும்மா அதெல்லாம்” என்று உறவினர் ஒருவர் அடக்கிவிட்டார். அதன்பிறகு நான் கீழ்பென்னாத்தூர் பக்கம் போகவில்லை.

முன்பின் தெரியாத ஒருவர் எனக்காக இரண்டு முறை பேசினார். கூடவே வாழ்ந்தவர் ஒருமுறைகூடப் பேசவில்லை. அவர் உடம்பைக் கரைத்தது நோய் என்று மனதைத் தேற்றிக்கொள்ள முடிகிறது, ஆனால் அந்த மௌனத்தை, இறந்தவர்தானே என்று மன்னிக்க மட்டும் எனக்கு இன்னும் மனம் வரவில்லை.