ஒரே நாளில் எடுத்த எட்டுப் பிரிண்ட்

கோயமுத்தூரில் பழைய மோட்டார் சைக்கிள்காரர்கள் ஆண்டுக்கொருமுறை கூடும்போது நான் சட்டைப்பையில் ஒரு காந்தம் வைத்திருப்பேன். வண்டிகளின் மட்கார்டில் அதை வைத்துப் பார்ப்பேன். நல்ல தகடாக இருந்தால் கவ்விக்கொள்ளும். பட்டி பூசி மெழுகியிருந்தால் நழுவிவிடும். நழுவிய வண்டிக்காரர் அதன்பிறகு என்னிடம் பேசமாட்டார். மோட்டார் வாகன அலுவலகத்தில் முப்பது ஆண்டு கோப்புப் பார்த்து ஓய்வு பெற்றவனுக்கு, பேசாமல் போகிற மனிதர்கள் புதிதல்ல.

என்னுடையது முந்நூற்றைம்பது சிசி, ஒற்றை சிலிண்டர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கியது. இன்ச் மரை போல்ட்டுகள் எல்லாம் கம்பெனி முத்திரையோடு அப்படியே இருக்கின்றன. பிளாஸ்டிக் உறை போட்ட ஒயர் கூடாது, நூல் பின்னிய ஒயர்தான் வேண்டும் என்று கோயமுத்தூர் உக்கடத்தின் பழைய இரும்புக் கடைகளில் இரண்டு ஆண்டு தேடினேன். டாங்கில் முட்டி உரசும் ரப்பர் பாளம் பாளமாக வெடித்துவிட்டது, மாற்றவில்லை. பிரேக்குக்குப் பழைய கல்நார் லைனிங்தான் வேண்டும் என்று கேட்டபோது, "அது மூச்சுக்குக் கெடுதலுங்க, இப்ப வர்றதில்லீங்க" என்றார் கடைக்காரர். பழைய சரக்கு எங்காவது மிச்சம் இருக்குமா என்று கேட்டேன். இந்தக் கதையை என் மனைவி விருந்தாளிகளிடம் தவறாமல் சொல்லுவாள்.

பதினைந்து ஆண்டு முடிந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கொருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். எனக்கு இந்த ஆண்டு ஏழாவது முறை. அதற்கு முன் ஃபிரேமுக்குப் பெயின்ட் அடித்துவிடலாம் என்று, மாநில எல்லையில் கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் பட்டறையில் வண்டியைப் பிரித்துப் போட்டோம். அங்கே ஒரே சமயத்தில் நாலைந்து ஃபிரேம்கள் தொங்கும். எது யாருடையது என்று குழம்பாமலிருக்க, உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும் பெயின்டர் ஸ்டியரிங் கழுத்தில் குத்தியிருக்கும் சேசிஸ் எண்ணைப் பார்த்துச் சுவரில் சாக்பீஸால் எழுதிவைப்பார்.

நான் போனபோது என் ஃபிரேமுக்கு மேலே ஏதோ ஓர் எண் இருந்தது. கடைசி நான்கு இலக்கமும் தப்பு. கைக்குட்டையால் அழித்துவிட்டுச் சரியான எண்ணை எழுதினேன்.

"பாத்து எழுதக் கூடாதுங்களா?"

"பாத்துத்தானுங்க எழுதுனேன்" என்றார் பெயின்டர்.

"நாப்பத்தஞ்சு வருசமா என்ற கையில இருக்கற வண்டிங்க இது."

"அது எனக்குத் தெரியாதுங்களா. ஃபிரேமுக்குத்தான் தெரியலையாட்ட இருக்குது."

பல்பை இழுத்துவந்து கழுத்தருகே பிடித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பெயின்டர் எழுதியதுதான் சரி. போல்ட்டு போல்ட்டாக நான் காப்பாற்றிவந்த வண்டியின் முதுகெலும்பு வேறொரு வண்டியுடையது. ஆர்.சி. புத்தகத்திலுள்ள எண்ணோடு ஒத்துப்போகாத வண்டிக்குப் புதுப்பிப்பு கிடையாது. அது சாலையில் இறங்கக் கூடாது. இந்த விதியை நானே பல பேருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன்.

ஆறு முறை புதுப்பித்தபோது யாரும் பார்க்கவில்லையா என்று கேட்கலாம். மெல்லிய தாளை எண்ணின் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் தாளில் படியும். அந்தப் பென்சில் பிரிண்ட்டைத்தான் விண்ணப்பத்தில் ஒட்டுவது. மற்றவர்கள் ஒவ்வொரு முறையும் புதிதாக எடுப்பார்கள். கிரீஸ் பட்டிருக்கும், பாதி எண் விழுந்திருக்கும், திருப்பி அனுப்பப்படும். அந்த அலைச்சல் எனக்குத் தெரியும். திருப்பி அனுப்புகிறவனே நான்தான். ஆகவே வண்டி வாங்கிய அன்றே, எண் பளிச்சென்று இருக்கும்போதே, எட்டுப் பிரிண்ட் எடுத்து ஓர் உறையில் போட்டுவைத்தேன். பதிவுக்கு ஒன்று, பிறகு ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் ஒன்று. பிரிண்ட் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று என்னுடையதை மற்றவர்களுக்குக் காட்டியதுகூட உண்டு. தாளில் அவ்வளவு தெளிவாக இருக்கும்போது குனிந்து இரும்பைப் பார்க்க யாருக்குத் தோன்றும்? எனக்கே தோன்றவில்லை. நடைமுறை தெரியாத ஒருவனால் இந்தத் தவறைச் செய்திருக்கவே முடியாது.

வண்டி என் கண்ணைவிட்டு விலகியிருந்தது ஒரே ஒரு தடவைதான். முதல் புதுப்பிப்புக்கு முந்தைய ஆண்டு. எனக்கு அப்போது இடுக்கி மோட்டார் வாகன அலுவலகத்தில் வேலை. தேயிலைக் கொழுந்து ஏற்றிவந்த டிராக்டருக்கு வழிவிடப் போய்ச் சரிவில் இறங்கினேன். எனக்குத் தோளில் அடி, வண்டிக்கு எல்லா இடத்திலும். வண்டிப்பெரியாரில் ஒரு மெக்கானிக்கிடம் ஆறு வாரம் கிடந்தது. இப்போது அவர் ஃபோன் எண்ணைத் தேடிப்பிடித்துப் பேசினேன்.

"ஞாபகம் இருக்கு சாரே. ஃபிரேம் வளைஞ்சு கெடந்துச்சு. நிமித்தி வெல்டு வைக்கலாம்னேன். வெல்டு வச்சா ஒரிஜினல் போயிரும்னு நீங்கதான் குதிச்சீங்க."

"அதுக்காக வேற ஃபிரேமா?"

"வேறன்னா என்னா? அதே கம்பெனி, அதே வருசம். எஸ்டேட் ஆபீஸ்ல இனி ஓடாதுன்னு கண்டம் பண்ணிப் போட்ட வண்டி. ஃபிரேம்ல ஒரு கீறல் கெடையாது. பாத்துட்டு, இதுதான்யா வேலைன்னு என் தோள்ல தட்டுனீங்க."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா பேப்பர் கேப்பீங்கன்னு பயந்துட்டேன் சாரே."

அந்தப் பயம் நியாயமானது. அவரே ஒரு வழியும் சொன்னார்.

"நம்பர்தானே பிரச்சினை? பஞ்ச் செட்டு மகன் கடையில கெடக்கு. பழசைத் தேச்சுட்டு உங்க நம்பரைக் குத்திரலாம். பத்து நிமிசம்."

"அதுக்கு ஜெயில்."

"அப்பச் சரி. பிரேயர் பண்ணிக்கிறேன்."

நேர்வழி ஒன்று உண்டு. ஃபிரேம் மாற்றியதைத் தெரிவித்து, அதை வாங்கிய ரசீதையும் அந்தப் பழைய வண்டியின் பதிவை ரத்து செய்த தாளையும் இணைக்க வேண்டும். அந்த எஸ்டேட் இரண்டு முறை கைமாறிவிட்டது. விசாரித்துப் பார்த்தேன், ஆபீஸ் இருந்த கட்டடத்தில் இப்போது உரமூட்டை. ஆக, உண்மையைச் சொன்னால் வண்டி வீட்டோடு நிற்கும். சொல்லாமலிருந்தால் ஓடும். உறையில் எட்டாவது பிரிண்ட் இருந்தது.

"ஏனுங்க, அதான் ஒன்னு இருக்குதில்லீங்க. ஒட்டிப்போட்டு வாங்க" என்றாள் மனைவி. "இன்னும் அஞ்சு வருசம் ஓடும். அதுக்குள்ள வண்டியோ நீங்களோ..." மீதியைச் சொல்லாமல் அரிசி களையப் போய்விட்டாள்.

மூன்று நாள் அந்த உறை மேசையிலேயே கிடந்தது. ஆறு முறை தெரியாமல் ஒட்டினேன், அது கவனக்குறைவு. ஏழாவது முறை தெரிந்து ஒட்டினால் அதற்குச் சட்டத்தில் வேறு பெயர். ஆனால் என்னைத் தடுத்தது சட்டம் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. எத்தனை பேருடைய வண்டியை ஒரே ஓர் இலக்க வேறுபாட்டுக்காக நிறுத்தியிருக்கிறேன் என்ற எண்ணிக்கை என்னிடம் இல்லை. அவர்களுக்குக் காட்டாத சலுகையை எனக்கு நானே காட்டிக்கொள்வது பிடிக்கவில்லை.

பட்டறைக்குப் போய், தொங்கிக்கொண்டிருந்த ஃபிரேமில் என் கையாலேயே புதிய பிரிண்ட் எடுத்தேன். நாற்பத்தைந்து ஆண்டில் முதல் தடவை என்பதால் முதல் தாள் கிழிந்தது. இரண்டாவதை விண்ணப்பத்தில் ஒட்டி, நடந்ததையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி இணைத்தேன்.

இன்ஸ்பெக்டர் இளம்பெண், எங்கள் சித்தூர்ப் பக்கத்துத் தமிழ். இரண்டு முறை படித்தார்.

"சார், இதை நீங்க எழுதித் தராட்டி நாங்க பாத்திருக்கவே மாட்டோமுங்க."

"பாக்கோணுமுங்க."

"பாத்துட்டா வண்டி ஓடாதுங்களே."

"தெரியுமுங்க. மறுக்கறப்ப விதி எண்ணையும் சேத்துப் போட்டுருங்க. இல்லாட்டி அப்பீல்ல நிக்காது."

"அப்பீல் யாருங்க சார் போடப் போறாங்க?"

"நான்தானுங்க."

அவர் சிரிக்காமல் விதி எண்ணை எழுதினார். சரியான எண்தான், பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பீல் போட்டிருக்கிறேன். அது எந்த மேசையில் எத்தனை நாள் தங்கும் என்பதும் தெரியும், அவசரமில்லை. எண்ணின் மேல் பட்டி படாமல் பெயின்ட் அடித்து, பிரித்த வண்டியை மறுபடி பூட்டி, டெம்போவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பதிவு பொதுச் சாலைக்குத்தான் வேண்டும். சொந்தத் தென்னந்தோப்புக்கு வேண்டாம். காலையில் காப்பி குடித்துவிட்டு மூன்று சுற்றுப் போகிறேன். வாய்க்கால் மேட்டில் மட்டும் இரண்டாவது கியர். சாலைக்குத் திறக்கும் கேட்டுக்கு நாலடி முன்னால் திருப்பிக்கொள்கிறேன்.

"ஏனுங்க, தோப்புக்குள்ள சுத்தறதுக்கு எதுக்குங்க ஹெல்மெட்டு?" என்று மனைவி கேட்டாள்.

தேங்காய் விழும் என்றேன்.