வெளுத்த அரிசி

அம்மிக்கல்லில் கீழாநெல்லி அரைபடும் பச்சை வாசனையில்தான் அந்தக் கோடை முழுக்க எனக்கு விடிந்தது. எழுபதுகளில், பெருமாட்டிப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பு வீட்டில் அப்பாவுக்கு "மஞ்சக்காமாலை" கண்டிருந்தது. வாய்க்கால் ஓரத்தில் வேரோடு பிடுங்கி வந்த செடியை அம்மா அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பாள். உப்பில்லாத கஞ்சிதான் பத்தியம். அப்பா முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தும் கண்ணில் மஞ்சள் இறங்கவில்லை.

நோய் இறங்குகிறதா என்று பார்க்க எங்கள் பக்கத்தில் ஒரு வழி உண்டு. நோயாளியின் சிறுநீரில் ஒரு பிடி அரிசியை ஊறப்போட்டு, மஞ்சள் ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். அப்பாவின் அரிசி தினமும் மஞ்சளாகவே வந்தது. "வெள்ளிக்கிழமைக்குள்ள அரிசி வெளுக்காட்டி டவுன் ஆஸ்பத்திரிதானுங்க" என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அப்பாவுக்கு ஆஸ்பத்திரி என்றாலே குலைநடுக்கம். இதே நோயோடு போன பெரியப்பா அங்கிருந்து பிணமாகத்தான் வீடு வந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் அப்பாவைப் பார்த்தேன். "சிரட்டை"யில், அந்தக் கொட்டாங்குச்சியில், அரிசி ஊறப்போடப் பிடித்திருந்த சிறுநீரைத் தென்னை அடியில் கொட்டிவிட்டு, தொட்டித் தண்ணீரை அதில் மொண்டுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் உதட்டில் விரல் வைத்தார். அந்த மஞ்சள் கண்களில் அவ்வளவு கெஞ்சல்! சொன்னால் அப்பா ஆஸ்பத்திரியில் செத்துப்போவார், சொல்லாவிட்டால் வீட்டிலேயே செத்துப்போவார். ஒன்பது வயதுக்காரி என்னதான் செய்வாள்?

உச்சிப் பொழுதில் எடுத்துப் பார்த்தபோது அரிசி வெளுத்திருந்தது. அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். ஆசை அவள் கண்ணை மறைத்துவிட்டது. எதிரே நின்ற அப்பாவின் கண்ணை அவள் பார்க்கவே இல்லை. சிரித்துக்கொண்டே கஞ்சியில் போட உப்புச் சாடியைத் திறந்தாள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அது வெறும் தண்ணிம்மா" என்றேன்.

"ஏனுங்க, புள்ளை சொல்றது நெசமுங்களா?"

அப்பா தலை கவிழ்ந்தார். "எங்கண்ணன் போன வழிக்கே என்னையும் அனுப்பறயா?" என்று விம்மி அழுதார். அம்மாவும் அழுதாள், அழுதுகொண்டே வண்டி கட்டச் சொன்னாள்.

அப்பா பிழைத்தார். எலும்பும் தோலுமாக வீடு திரும்பியவர் என்னோடு மட்டும் பேசவில்லை. அது எனக்கு அடி வாங்கியதைவிட வலித்தது. பத்தியம் முடிந்து உப்புப் போட்ட சோற்றைப் பிசைந்த அன்று, முதல் உருண்டையை என் வாயருகே நீட்டினார்.

"உப்புச் செரியா இருக்குதா பாரு, கண்ணு."

அப்பா இன்று இல்லை. களைக்கொல்லி அடித்து அடித்து அந்த வாய்க்கால் ஓரத்தில் கீழாநெல்லியும் இல்லை. இப்போது அது வாசனையே இல்லாத மாத்திரையாகப் புட்டியில் வருகிறது. போன வாரம் கண் லேசாக மஞ்சளித்திருந்த என் கணவர் அதில் இரண்டை விழுங்கிவிட்டு, "எல்லாம் செரியாப் போச்சு, டாக்டரெல்லாம் வேண்டாம்" என்றார். அவரை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போய்க் கண்ணைப் பார்த்தேன். மஞ்சள் அப்படியே இருந்தது. பிறகு அவருடைய செருப்பை எடுத்துக் காலடியில் போட்டேன்.